சிரிப்புக்கு விட்ட இடம்

காகிதக் கட்டு கையிலிருந்து நழுவுவதற்கு முன்பே சிரிப்பு கேட்டது.

செய்தி மேசைக்குப் பின்னால் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் அதைத் தெளிவாகக் கேட்டார். முதலில் சிரிப்பு. அது அடங்கிய பிறகே காகிதங்கள் விரல்களை விட்டுத் தரையில் இறைந்தன. அந்தக் காட்சியில் காகிதம் விழ வேண்டியதே இல்லை.

பல வருடங்களாக அந்தத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் அவர்தான் ‘உளறுவாயர்’, செய்தி வாசிக்கத் தெரியாத செய்தி வாசிப்பாளர். அணைந்து கிடக்கும் கேமராவைப் பார்த்து வணக்கம் சொல்வார். தண்ணீர் டம்ளரை வானிலை அறிக்கையின் மேல் கவிழ்ப்பார். ஒவ்வொரு தப்புக்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருப்பார். சிரிப்புக்கு இடம் விடுவது என்று தொழிலில் அதைச் சொல்வார்கள். அரங்கில் ரசிகர்கள் கிடையாது. அந்த இடத்தில் ஒலிக்காரர்தான் பின்னால் சிரிப்பைச் சேர்ப்பார்.

“என்னப்பா, இப்பவே சிரிப்பப் போட்டுப் பாக்கறியா?”

கண்ணாடி அறையிலிருந்து ஒலிக்காரர் தலையை நீட்டினார். “ஸ்பீக்கருக்கு ஒயரே இன்னும் மாட்டலீங்க ஐயா. பேத்தி வீட்டுக்கு வர்ற சந்தோஷம், உங்களுக்குக் காதுல சிரிப்பா கேக்குது.”

பெரியவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஊரே சிரிக்கட்டும், அது பிழைப்பு. வாசற்படியைத் தாண்டி அந்தச் சிரிப்பு உள்ளே வரக்கூடாது. வீட்டில் அந்த நிகழ்ச்சியை யாரும் போடுவதில்லை. மகளின் கல்யாணத்தன்று சம்பந்தி, “கொஞ்சம் உளறிக் காட்டுங்களேன்” என்று கேட்டதற்கு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவியவர் அவர். குடும்பத்தின் பெயர் வேறு, வேடத்தின் பெயர் வேறு. இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காத்து வந்ததில் அவருக்குக் கர்வம் இருந்தது.

வாசலில் சாவியை எடுத்தபோது சின்னதாக ஒரு சிரிப்பு. சாவி விழுந்தது.

உள்ளே துடைத்த தரையின் ஈரமும் பால் மணமும் குழந்தைப் பவுடரின் வாசனையுமாக வீடு நிறைந்திருக்க, ஜன்னல் வழியே வந்த மாலை வெயிலில் மாடிப்படியின் பளிங்குக் கற்கள் நீர் பூசியதுபோல் மின்னிக்கொண்டிருந்தன. மனைவி தண்ணீர் கொடுத்தாள். இப்போது இன்னும் நீளமான சிரிப்பு, மிக அருகில், கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல். அடங்கியது. டம்ளர் உடைந்தது.

சின்னத் தப்புக்குச் சின்னச் சிரிப்பு. பெரிய தப்புக்குப் பெரியது. அவருடைய முதுகில் வியர்வை கோடாக இறங்கியது.

“முகமே சரியில்லையே, உக்காருங்க” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல. கண்ணாடிய அள்ளு.”

கூடத்துச் சோபாவில் சம்பந்தி காலாட்டிக்கொண்டிருந்தார். “மேல போய் நீங்களே தூக்கிட்டு வாங்க சம்பந்தி. ஆனா டிவியில பேப்பரப் போடற மாதிரி பேத்தியையும் போட்டுடாதீங்க.”

அந்தக் கிண்டல் அவரைப் படியேற்றியது.

மேல் அறையில் மகள் துணியில் சுற்றிய குழந்தையோடு நின்றாள். “அப்பா, உங்க கை நடுங்குது. நானே கீழ கொண்டு வரேன்.”

“என் பேத்தியத் தூக்க எனக்குத் தெரியும். கொடு.”

கைகளில் வெதுவெதுப்பான சிறு கனம் வந்து இறங்கியது. குழந்தையின் உச்சந்தலை துடித்தது. அவர் நிமிர்ந்து நடந்து மேல்படிக்கு வந்து, ஒரு காலைத் தூக்கினார்.

சிரிப்பு தொடங்கியது.

இதுவரை கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் வெறும் செருமல்தான். சுவரிலிருந்து வந்தது. கூரையிலிருந்து வந்தது. நூறு பேர். ஆயிரம் பேர். தொடையில் தட்டி, மூச்சு முட்டி, கண்ணீர் வரச் சிரிப்பவர்கள். மேலும் மேலும் ஏறியது. கைதட்டல் சேர்ந்தது.

குழந்தையைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு சொல் போதும். ‘பிடிச்சுக்கோ.’

கீழே சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

உதடுகள் ஒட்டிக்கொண்டன. கால் அந்தரத்தில். பின்னால் வைக்கலாமா? சிரிப்பு கூடியது. அப்படியே நின்றால்? இன்னும் கூடியது.

மானம் போனால் போகட்டும். வாயைத் திறந்தார்.

“வணக்கம்” என்று வந்தது. “முக்கியச் செய்திகள்.”

“அப்பா?” என்றாள் மகள், பின்னாலிருந்து.

சிரிப்பு சட்டென்று நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. கைக்குள் குழந்தை கண்ணைத் திறந்தது. கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.