நின்றபடி இறங்கியவர்கள்

மாசாய் நகரில், அந்தப் பதினோரு மாடி பிளாட்டின் உச்சியில், பட்டப்பகல் மூன்று மணிக்கு, யோகேஸ்வரி ஒற்றை ஆளாக லிஃப்டுக்குள் கால் வைத்ததும் பாரம் அதிகம் என்று மணி அடித்தது. வெளியே வந்தாள், நின்றது. மறுபடி ஏறினாள், மறுபடி அடித்தது.

"மெஷின் கெட்டுப்போச்சா அண்ணே?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றார் காவலாளி கனகராஜ். "பொணப் பெட்டிதான் இதுக்குள்ள போகாது. படியிலயும் திரும்பாது. மூணு வருசமா யாரு செத்தாலும் பாயில சுத்தி, இதுல நிக்க வச்சுத்தான் கீழ எறக்குறோம். போன வாரம் செல்லம் அக்காவ நான்தான் புடிச்சுக்கிட்டுப் போனேன்."

லிஃப்டைச் சுருக்கி, மிச்சமான இடத்தில் மாடிக்கு ஒரு வீடு கூட்டிப் பிளான் வரைந்தவளே யோகேஸ்வரிதான். "பொணத்துக்கா லிஃப்ட் போடறோம்?" என்று அவள் கேட்டபோது மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். ரப்பர் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளிலிருந்து இங்கே குடியேறிய சனங்கள் கிடைத்ததே பெரிதென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவளும் சாஆ ஊர்ப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவள்தான். அங்கே ஒரு சாவு விழுந்தால் லயமே திரண்டு வந்து தோள் கொடுக்கும். தெரிந்தேதான் வரைந்தாள். அது அவளுக்கு இப்போது கசந்தது.

"அடுத்த பிளாக்கையாச்சும் பெருசா போடுங்க மேடம். இன்னிக்கு நீங்க சைன் வச்சா அதுவும் இதே மாதிரிதானே வரும்?"

"பிளான் பாஸாயிருச்சு அண்ணே. இனிமே மாத்த முடியாதுலா."

கூசாமல் பொய் சொன்னாள். ஐந்து மணி வரை மாற்றலாம்.

கனகராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் படியில வரேன்" என்று இறங்கிப் போனார். பயத்தைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு அவள் பொத்தானை அழுத்தினாள். மணி அடங்கியது. கதவு மூடியது.

பத்தாவது மாடி தாண்டுவதற்குள் பன்னீர் வாசனையும் ஊதுபத்தி வாசனையும், அவற்றுக்கு அடியில் இரண்டு நாள் வாடிய மாலையின் புளித்த வாடையும் மெல்ல மெல்லக் கிளம்பி மூச்சை அடைத்தன. பாய் உரசும் சத்தம், வெகு அருகில், காதோரத்தில் கேட்டது. மூலையில் ஒண்டப் பின்வாங்கினாள். மூலை காலியாக இல்லை.

ஏழு. ஆறு. லிஃப்ட் நின்றது. விளக்கு மங்கியது.

கையை அசைக்க இடமில்லை. முன்னால் ஒரு முதுகு. பக்கத்தில் ஒரு முழங்கை. எல்லாம் சில்லென்று இருந்தன.

"மாத்துறேன்... பெருசா போடறேன். சத்தியமா."

அவள் தோளில் ஒரு தலை சாய்ந்தது.

கண்ணை நிமிர்த்தப் பயந்து தரையைப் பார்த்தாள். நெருக்கமாக, வரிசையாக, வெறுங்கால்கள். ஒவ்வொரு ஜோடியிலும் கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. கடைசி ஜோடியின் நகங்களில் சிவப்புச் சாயம், அன்று காலையில் அவள் பூசிக்கொண்டது.