கவிழ்க்காத கூடை

புரட்டாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை. மேற்கு மலைகளின் பின்னே கதிரவன் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே பனங்கூடலுக்கு மேலாக நிலவு தயங்கித் தயங்கி முகம் காட்டிக்கொண்டிருந்த அந்த வேளையில், குவளைப் பேரேரி ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் வெள்ளியாகவும் தகதகத்துக் கிடந்தது. நேயர்களே, அந்த அழகில் மயங்கி நின்றுவிடாமல் சற்றே வடக்கே பாருங்கள். வானத்தின் அந்த மூலையில் கருமேகங்கள் யானைக் கூட்டம் போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வருகின்றன. ஏரியோ இப்போதே முக்கால் நிரம்பியிருக்கிறது. அதன் கரை, நரிவளைவு என்னும் இடத்தில், சென்ற நான்கு ஆண்டுகளாகக் கசிகிறது.

கரையின் நடுவில் கரையம்மன் கோயில். அதன் முன்னே விரித்த வெண்குடையின் கீழ் இளவேள் செங்கணார் அமர்ந்திருந்தார். பட்டம் சூட்டிக்கொண்டு இன்னும் ஓராண்டு நிரம்பாத அந்த அரசருக்கு எதிரே, பட்டுப் பரிவட்டங்களும் பொற்கடகங்களும் மின்ன, நாட்டின் பெருநிலக்கிழார்கள் நின்றார்கள். அவர்கள் நிலங்கள் யாவும் வரி நீக்கிய நிலங்கள். அவர்களில் முதல்வர் தேவனார். தேவனாரின் மகள் நல்லமங்கை, வெள்ளிப் பூண் கட்டிய பிரப்பங்கூடை ஒன்றைக் கையில் ஏந்தித் தந்தைக்குப் பின்னே நின்றாள்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் கரைக்கு 'முதல் மண்' இடும் உரிமை அவள் வீட்டுப் பெண்களுக்கு உரியது. பள்ளத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் கூடையில் எடுத்துவந்து கரையில் கொட்டி, கூடையைக் கவிழ்த்து வைத்தால் சடங்கு முடிந்தது. கிழார்கள் பூத்தூவிவிட்டு இறங்கிவிடுவார்கள். பிறகு ஒரு மாதம் குடிமக்கள் மண் சுமப்பார்கள்.

இந்த ஆண்டோ சடங்குக்கு முன்னே ஒரு வழக்கு வந்து நின்றது.

"தேவனாரே," என்றார் அரசர், "நரிவளைவுக்குக் கல்லணை வேண்டும். மூடிக் கிடக்கும் ஆதுலர் சாலையைத் திறந்து நோயாளிகளுக்கு மருத்துவரை அமர்த்த வேண்டும். குடிகள் விளைச்சலில் ஆறில் ஒன்று தருகிறார்கள், அதற்கு மேல் உடம்பாலும் உழைக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் கேட்க எனக்கு நா எழவில்லை. வரி நீக்கிய நிலங்களும் இனி ஆறில் ஒன்று தரட்டும் என்கிறேன்."

தேவனார் வணங்கினார். அவர் குரலில் பணிவு இருந்தது, வளைவு இல்லை.

"அரசே, என் தந்தை மார்பில் வேல் வாங்கி விழுந்தார். அதற்காகத் தங்கள் பாட்டனார் செம்பேட்டில் வெட்டிக் கொடுத்த சொல் அது. ஓர் அரசர் தந்ததை இன்னோர் அரசர் பறித்தால் நாளை யார் சொல்லுக்கு மதிப்பு? நாங்கள் கொடாதவர்களும் அல்லர். கோயிலில் நாள்தோறும் பொங்கும் சோறு எங்கள் நெல். மனமுவந்து கொடுப்பதுதான் அறம்."

"அதை நான் மறக்கவில்லை. ஆனால், தேவனாரே, உங்கள் மனம் உவக்கும் நாள்வரை ஏரி காத்திருக்காதே."

"வழக்கம் வழக்கமாகவே இருக்கட்டும், அரசே. அதில் ஓர் அணுவையும் மாற்ற அரசருக்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை."

அரசர் தம் படையை எண்ணிப் பார்த்தார். எல்லையில் நின்ற படையில் பாதி இக்கிழார்கள் அனுப்பிய வீரர்கள். வற்புறுத்தினால் படை கலையும், விட்டுவிட்டால் கரை கலையும். "சடங்கு முடியும்வரை காத்திருக்கிறேன். அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரையம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்லமங்கை பள்ளத்தில் இறங்கினாள். அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்தவன் புதியவன். மருதன் என்று பெயர் சொல்லி அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவன் கூடையில் ஒரு வெட்டு, இரு வெட்டு என்று மண்ணைப் போட்டுக்கொண்டே போனான்.

"கைப்பிடி மண் போதும்" என்றாள் அவள்.

"கைப்பிடி மண்ணுக்கு இவ்வளவு பெரிய கூடை எதற்கு, அம்மணி? வெள்ளிப் பூணைக் காட்டவா?"

அவன் கண்களில் சிரிப்பு இருந்தது. அவளுக்குச் சினம் வந்தது. "நிறையப் போடு" என்றாள்.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்தபோது பட்டுச் சும்மாடு வழுக்கிச் சேற்றில் விழுந்தது. பிரம்பின் முனை உச்சந்தலையில் குத்தியது. அப்போது அருகிலிருந்த சாத்தி என்னும் மண் சுமக்கும் பெண், தன் தலையிலிருந்த கந்தைத் துணியை எடுத்து இரண்டு முறுக்கு முறுக்கி, அவள் தலையில் வைத்துக் கூடையைத் தாங்கிப் பிடித்தாள்.

"வெறுந்தலையிலே வைக்காதீங்க அம்மணி. ரெண்டு நாளைக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது."

"உனக்கு?"

"என் தலைக்கு என்ன, பழகிப்போச்சு."

சாத்தி குனிந்தபோது நல்லமங்கை பார்த்தாள். அவளுடைய உச்சந்தலையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லை. ஆண்டாண்டாய்ச் சுமந்த கூடைகள் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தை வழவழப்பாக்கியிருந்தன. அந்தத் தலைக்கு மீதமிருந்த ஒரு கந்தையும் இப்போது தன் தலையில் இருப்பதை நல்லமங்கை உணர்ந்தாள்.

நரிவளைவுவரை நடந்து மண்ணைக் கொட்டினாள். திரும்பி வந்தபோது கோயில் முன்னே கிழார்கள் பூக்களோடு காத்திருந்தார்கள். அவள் கூடையைக் கவிழ்க்கவில்லை. வெறுங்கூடையோடு மறுபடி பள்ளத்தை நோக்கி நடந்தாள்.

"மங்கை, கூடையைக் கவிழ்" என்றார் தேவனார்.

"வேலை முடியவில்லை, தந்தையே."

"சடங்கு முடிந்துவிட்டதம்மா."

"கூடை கவிழாமல் சடங்கு எப்படி முடியும்? கவிழும்வரை, கரையில் பூத்தூவும் உரிமை பெற்ற கிழார் எவரும் இறங்கலாகாது, தம் கையால் மண் எடுத்துக் கூடையின் பின்னே நடக்க வேண்டும். இந்த வழக்கத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் தாங்கள்தான். அதில் ஓர் அணுவையும் மாற்ற எவருக்கும் உரிமையில்லை என்று இப்போதுதான் அரசரிடமும் சொன்னீர்கள்."

குடைக்குக் கீழே அரசர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். தேவனாரின் முகம் கறுத்தது. ஆனால், நேயர்களே, பிடிவாதக்காரராயினும் அவர் நேர்மையானவர். சொன்ன சொல்லைத் தமக்கு வேண்டியபோது மட்டும் நினைப்பவர் அல்லர். கடகங்களைக் கழற்றி வேலையாளிடம் கொடுத்துவிட்டுப் பள்ளத்தை நோக்கி இறங்கினார். அவர் இறங்கியபின் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

"என் ஆளை அனுப்பலாம் அல்லவா?" என்று முனகினார் வேப்பூர்க் கிழார். அவர் உடம்பு பெரிது.

"தம் கையால்னு அம்மணி சொன்னாங்களே, சாமி" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "கூடையை இப்படித் திருப்பிப் பிடியுங்க. அது அடிப்பக்கம்."

சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு மழையும் வந்தது.

பந்தங்கள் புகைய, தூறல் பெருமழையாக, நல்லமங்கை நடந்தாள். பின்னே கிழார்கள் நடந்தார்கள், அவர்களுக்குப் பின்னே, முதலாளி சுமக்கத் தாம் நிற்கக் கூசிய பணியாட்கள் எல்லோரும் நடந்தார்கள். அவள் கழுத்து நெருப்பாய் எரிந்தது. பாதம் வெடித்து இரத்தம் கசிந்தது. ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் மருதன் கூடையை நிறைத்தான். அவன் கண்ணிலிருந்த சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. ஒருமுறை, கூடை தூக்கும்போது அவள் பாதத்து இரத்தத்தைக் கண்டு, பாதி மண்ணைத் தானே கீழே தள்ளினான்.

"நிறையப் போடு" என்றாள் அவள்.

நரிவளைவின் வெளிச்சரிவில் தேவனார் கால் வைத்தபோது கால் கணுக்கால்வரை புதைந்தது. எடுத்து அடுத்த அடி வைத்தார். அதுவும் புதைந்தது. பந்தத்தைத் தாழ்த்திப் பார்த்தார். கரையின் உள்ளிருந்து கலங்கல் நீர் இழை இழையாய் ஊறி, கீழே விரிந்து கிடந்த வயல்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவை அவருடைய வயல்கள். அவற்றுக்கு அப்பால் ஊரின் கூரைகள்.

"எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டார்.

"நாலு வருஷமா, சாமி" என்றாள் சாத்தி. "நாங்க மண்ணைப் போடுறோம், அது கரையுது. கல்லு வேணும்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கோம்."

"இவ்வளவு என்று என் காதுக்கு வரவில்லையே?"

"நீங்க பூப்போட்டுட்டுக் கோயிலோட திரும்பிடுவீங்க. இந்தச் சரிவுக்கு வந்ததில்லையே, சாமி."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவர் நெஞ்சில் தைத்தது. தேவனார் தம் தலையிலிருந்த பட்டுப் பரிவட்டத்தை அவிழ்த்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியைச் சாத்தியிடம் நீட்டினார். "உன் சும்மாடு என் மகள் தலையில் இருக்கிறது. இதை வைத்துக்கொள்." மறு பாதியைத் தாமே முறுக்கித் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தார்.

மழை விட்டு நிலவு வெளிப்பட்டபோது நரிவளைவு ஓர் ஆள் அகலத்துக்குத் தடித்திருந்தது. கசிவு நின்றிருந்தது. இந்த மழைக்குத் தாங்கும். அடுத்த மழைக்குக் கல் வேண்டும். சேறு படிந்த மேனியோடு தேவனார் அரசர் முன் வந்து நின்றார்.

"அரசே, செம்பேட்டை அழிக்க வேண்டாம். அது என் தந்தையின் குருதிக்குத் தந்த மதிப்பு. அதன் கீழே என் சொல்லையும் வெட்டிவிடுங்கள். எங்கள் நிலம் ஆண்டுதோறும் ஆறில் ஒன்று தரும். என் மனம் உவந்தாலும் தரும், உவக்காவிட்டாலும் தரும். கரையம்மன் மேல் ஆணை."

கிழார்கள் ஒவ்வொருவராக முன்வந்து கை உயர்த்தினார்கள். வேப்பூர்க் கிழார் மட்டும், "நாளைக்கு யோசித்து..." என்று இழுத்தார். நல்லமங்கை கூடையை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றினாள். அவர் விரைந்து கை உயர்த்திவிட்டார்.

கூட்டம் கோயிலை நோக்கி நகர்ந்தபின், அவள் தனியே பள்ளத்துக்கு வந்தாள். மருதன் அங்கே காத்திருந்தான். புதரிலிருந்து நீண்ட கடப்பாரை ஒன்றை எடுத்து அவள் காலடியில் வைத்தான்.

"இதை நரிவளைவில் பாய்ச்ச வந்தவன் நான். கிழார்கள் பூத்தூவி இறங்கியதும், கரை வெறிச்சோடியதும் வேலை முடிந்திருக்கும். தங்கள் பகைவரான செந்துறை அரசரின் ஒற்றன். என் பெயர் விடங்கன்."

கூவினால் காவலர் வந்துவிடுவார்கள். அவனும் அதை அறிந்தே நின்றான்.

"ஏன் செய்யவில்லை?"

"செல்வர்கள் கொடுக்க மறுக்கிறார்கள், இந்த நாடு தானே உடையும், ஒரு குத்துப் போதும் என்று என் அரசர் சொல்லி அனுப்பினார். நான் வெட்டிய மண்ணைத் தாங்கள் தலையில் சுமந்து போவதை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையே மறுபடி பெயர்க்க என் கை வரவில்லை."

"உம் அரசரிடம் என்ன சொல்வீர்?" மாலையில் வேலையாளாய் இருந்தவனை அவள் நாவு தானே 'நீர்' என்றது.

"உடைக்க இடம் இல்லை என்பேன். பொய்யில்லையே." அவன் சற்றுத் தயங்கினான். "என்றேனும் திரும்பி வந்தால்?"

"வந்தால் இந்நாட்டுக் குடியாக, ஆறில் ஒன்று தருபவராக வாரும். உமக்கும் ஒரு கூடை இருக்கும்."

"யாரங்கே?" என்று மேலிருந்து காவலன் குரல் கேட்டது. விடங்கன் கரைமேல் தாவி ஏறினான். நிலவில் ஒரு கணம் அவன் உருவம் கறுத்துத் தெரிந்தது. மறுகணம் ஏரி நீர் அவனை வாங்கிக்கொண்ட ஓசை. வெள்ளியில் இழுத்த கோடு போல ஓர் அலை அக்கரை நோக்கி நீண்டது.

"யார் அம்மணி அது?" என்று பந்தத்தோடு ஓடிவந்தாள் சாத்தி.

"மண் வெட்டியவர்" என்றாள் நல்லமங்கை. "கடப்பாரையை விட்டுவிட்டுப் போகிறார்."

நரிவளைவின் முதல் கல்லை அந்தக் கடப்பாரையால்தான் நெம்பி அமர்த்தினார்கள். கரையம்மன் சன்னதியில் வெள்ளிப் பூண் கூடை நிமிர்ந்தபடியே இருந்தது. கல்லணை முடிந்து, ஆதுலர் சாலையின் கதவு திறக்கும்வரை அதைக் கவிழ்ப்பதில்லை என்று அவள் அன்றே சூளுரைத்திருந்தாள். அதனுள்ளே, துவைத்து மடித்து, சாத்தியின் கந்தை இருந்தது.