நாலாம் மேட்டின் நல்ல பழக்கம்

நாலாம் மண்மேடு தினமும் காலை ஆறரைக்குத் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தானே சொல்லிவிடும். கருங்குழிச் சுரங்கத்தில் கரியை எடுப்பதற்காகத் தோண்டிய மண்ணையும் கல்லையும் கொட்டிக் கொட்டி நாற்பது மாடி உயரத்துக்கு வளர்ந்த மேடு அது. வயிற்றுக்குள் நாலாயிரம் அசைவுணரிகள் புதைத்திருந்தார்கள். சரிவு ஒரு நூல் நகர்ந்தாலும், உள்ளே மழைநீர் ஏறினாலும் அவை மேட்டறிவு என்ற இயந்திர மூளைக்குச் சொல்லும். மேட்டறிவு அதைத் தமிழில் தில்லைநாயகத்திடம் சொல்லும். அவர் சரிவுக் காவலர். கேட்டு எழுதிக்கொள்வது அவர் வேலை.

ஆரம்பத்தில் அதற்கு ஒளிவுமறைவே தெரியாது. ஆயுதபூஜை அன்று சுரங்க இயக்குநர் கையில் தேங்காயோடு நிற்கும்போது, ஒலிபெருக்கியில் "தெற்குப் பக்கம் விழப்போகிறேன்" என்றது. "வாயைக் கழுவு!" என்று இயக்குநர் மண்ணைப் பார்த்துக் கத்தினார். தெற்குப் பக்கத்தைச் செதுக்கிச் சரிசெய்தது வேறு விஷயம். அந்தப் பேச்சை மட்டும் யாரும் மன்னிக்கவில்லை. மேட்டுக்கு நாலு பேர் மாதிரி பேசக் கற்றுக்கொடுங்கள் என்று உத்தரவு வந்தது.

தில்லைநாயகம் உயிரைக் கொடுத்துக் கற்பித்தார். போறேன் என்று சொல்லக்கூடாது, வரேன் என்று சொல்ல வேண்டும். அரிசிப்பானை காலியானால் இல்லை என்பார்களா? நிறைஞ்சிருக்கு என்பார்கள். எப்படி இருக்கே என்று யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பதுதான் பதில். மேடு ஒரே வாரத்தில் தேறிவிட்டது. அடடா, என்ன பணிவு! அவருடைய மருமகனுக்குக்கூட அது வராது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை வழக்கம்போலக் கேட்டார்.

"எப்படிப்பா இருக்கே?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்ணே."

"உள்ளே தண்ணி எவ்வளவு?"

"நிறைஞ்சிருக்குண்ணே."

"தங்கம்! எவ்வளவு பதமா சொல்லுது பாரு" என்று பூரித்துப்போய், படிவத்தில் ‘நீர்: இல்லை’ என்று எழுதினார்.

மேட்டின் அடிவாரத்தில்தான் அவர் மனைவி கோமளவல்லி தொழிலாளர் உணவகம் நடத்துகிறாள். பதினொரு மணிக்கு அங்கே அறுபது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப நான் வரேன்ணே" என்று காவலறையில் இருந்த தில்லைநாயகத்திடம் சொன்னது மேடு.

"மகராசனாப் போயிட்டு வா" என்று சொல்லி டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகுதான் உறைத்தது. மேடு எங்கே போகும்? ஐயோ, அது போகவில்லை, வருகிறது! போனை எடுத்தார்.

"கோமளா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடு! மேடு சரியுது!"

"இப்பத்தாங்க சாம்பார் ஊத்தறோம்..."

"சாம்பாராவது மண்ணாங்கட்டியாவது! ஓடுடி!"

அறுபது பேரும் எச்சில் கையோடு தப்பினார்கள். கோமளவல்லி மட்டும் அடுப்பை நிறுத்தத் திரும்பி ஓடினாள். விட்டம் காலில் விழுந்தது. ஆட்கள் அவளை இழுத்து வெளியே போட்ட மறுநிமிடம் உணவகம் இருந்த இடத்தில் மண் இருந்தது.

மாலையில் மருத்துவமனைக் கூடத்தில் விசாரணை அதிகாரி தில்லைநாயகத்தைப் பிடித்துக்கொண்டார். "உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்குமாய்யா?"

"ஆகாதுங்க. தப்பு என் மேலதாங்க. இனிமே யாரையும் பூசி மெழுக விடமாட்டேன்" என்று தில்லைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார், பாவம். அவள் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்திருந்தது.

பிறகு கட்டிலருகே போனார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதா கோமளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த வலிமானி உரக்கச் சொன்னது: "வலி, பத்துக்கு ஒன்பது. முழங்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. இவர் நன்றாக இல்லை."

தில்லைநாயகத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தாதியைக் கூப்பிட்டார்.

"அவதான் ஒண்ணுமில்லைங்கறாளே! வந்த இடத்துல இப்படியா போட்டு உடைக்கும்? முதல்ல இந்தச் சனியன் வாயை மூடுங்கம்மா."