ஈரக் கயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாளாகியும் அம்மாவின் விரல்நுனிகள் உலரவில்லை.

ஹேமாவதி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்க வீட்டில் வந்துபோனவர்கள் சாப்பிட்ட பாத்திரம் மலையாகக் குவியும். அம்மாவோ ஒரு கரண்டியைக்கூட அடுத்தவரைத் துலக்கவிடாத ஆள். நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தால் விரல் ஊறத்தானே செய்யும். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, பாத்திரங்கள் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்து, அம்மா ஹாலில் சும்மா உட்கார்ந்து டி.வி.யை வெறித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை மதியமும் அந்த விரல்கள் வெளுத்து, சுருங்கி, மடிப்பு மடிப்பாகத்தான் இருந்தன. பத்து விரல்களையும் ஃபேனுக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தாள்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"பால்ல கை வெச்சதுலேர்ந்து."

அப்பா ஜெயவேலுவின் பதினாறாம் நாள், இருள் பிரிவதற்கு முன்னால், தாலியிழந்த பெண்கள் நாலு பேர் சுற்றி நின்று அம்மாவின் தாலியைக் கழற்றி, பித்தளைச் சொம்பிலிருந்த பாலுக்குள் போட்டார்கள். அதை அம்மாவே கைவிட்டு எடுக்கவேண்டும் என்றார்கள். எடுக்கும்போது அம்மா, "ஐயோ, ஜில்லுன்னு கீதே" என்று கையை உதறினாள். பால் என்னவோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதைவிட ஹேமாவதியை உறுத்தியது அந்தக் 'கீதே'. அம்மா அப்படிப் பேசி அவள் கேட்டதே கிடையாது. பக்கத்தில் ஒரு டீச்சர் பிரம்போடு நிற்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தமாகச் சொல்லித்தான் அம்மாவுக்குப் பழக்கம்.

போகட்டும், துக்கத்தில் வாய் குழறும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது. திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்குப் பத்திர ஆபீஸில் டோக்கன் வாங்கியிருந்தது.

நாவலூரில் அம்மா தையல்நாயகியின் பேரில் நாற்பது சென்ட் நிலம் கிடந்தது. அம்மாவுக்கு அவளுடைய அப்பா வழியில் வந்தது. இரண்டு பக்கமும் பதினாறு மாடி அபார்ட்மென்ட், நடுவில் இது மட்டும் பொக்கைவாய்போலக் கருவேலம் மண்டிக் கிடந்தது. சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஹேமாவதி தினமும் அதைப் பார்ப்பாள். கேட்டு வந்த பில்டர்களுக்கெல்லாம் அப்பா காபி கொடுத்து மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார், காரணம் சொல்லமாட்டார். அவர் போனபிறகு ஹேமாவதியே ஒரு பில்டரைப் பார்த்துப் பேசி முடித்தாள். நிலத்துக்குப் பதில் இரண்டு ஃப்ளாட். ஒன்பதாவது மாடி, மூன்று பக்கம் ஜன்னல்.

ஜன்னல்தான் அவளுக்கு முக்கியம். அம்மாவை இந்த வீட்டிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடவேண்டும் என்பது அவளுக்குக் கல்லூரிக் காலத்து ஆசை. திருநீர்மலை அடிவாரத்தில், ஒரு கைவிடப்பட்ட கல்குவாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற இந்த வீட்டின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. இருந்ததை அப்பா செங்கல் வைத்து அடைத்தார். அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில் போட்டுப் படுப்பார். கோடையிலும் அது வியர்த்திருக்கும். காது வைத்தால் அப்பால் குவாரித் தண்ணீர் பாறையில் தளக், தளக்கென்று மோதுவது கேட்கும். மழைக்காலத்தில் ஈரக்கல்லின் நாற்றம் சுவரையே தாண்டி வந்து போர்வையிலும் தலையணையிலும் தங்கிவிடும். இந்த ஐப்பசியில் அந்த நாற்றம் சமையலறை வரைக்கும் வந்திருந்தது.

அன்று சாயங்காலம் பத்திர எழுத்தர் அனந்தகிருஷ்ணன் காகிதங்களைச் சரிபார்க்க வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தையல்நாயகி, கணவர் பெயர் ஜெயவேலு" என்று தனக்குத்தானே படித்தார்.

"இதோ வரேன்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

ஹேமாவதி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்தால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இதனால் எத்தனை முறை வரிசையைத் தவறவிட்டிருக்கிறாள், எத்தனை முறை அப்பா 'உன் பேரே உனக்கு மறந்துபோச்சா' என்று எரிந்து விழுந்திருக்கிறார். இன்றைக்கு ஒரே முணுமுணுப்புக்கு எழுந்து வருகிறாள்.

வந்தாள். எழுத்தருக்கு எதிரே உட்கார்ந்தாள். வந்த வழியெல்லாம் தரையில் ஈரம்.

"அம்மா, காபி வெச்சியா?"

அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அம்மா."

அவள் காகிதத்தில் இருந்த தன் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய இடத்தில் மை கரைந்தது.

"பரவால்லம்மா, வேற பிரின்ட் போட்டுக்கலாம்," என்றார் அனந்தகிருஷ்ணன்.

ஞாயிறு மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரண்ட் போயிற்று. விமானம் ஒன்று தாழப் பறந்து மீனம்பாக்கம் பக்கம் இறங்குகிற சத்தம் மழைக்குள் அமுங்கிப்போனது. சாம்பல் வெளிச்சத்தில் அம்மா வந்து ஹேமாவதியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள், அவள் மடியைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கி, பயந்து, முழுக்க முழுக்க அம்மாவின் கண்களாக இருந்தன.

"ஹேமா, நாளைக்கு நான் வரல. இன்னா பண்ணாலும் வரல."

"ஏம்மா?"

"என் பேரு தையல்நாயகி இல்ல. அம்மணி. எங்கப்பா தாவீது. பின்னாடி கீது பாரு குவாரி, அதுல கல்லு உடைச்சவரு. நானும் உடைச்சேன்." இடது கட்டைவிரலை நீட்டினாள். நடுவில் பிளந்து, சேராமலே வளர்ந்த நகம். அம்மிக்குழவி விழுந்தது என்றுதான் இத்தனை நாள் சொல்லியிருந்தாள். "இது சுத்தி பட்டது. காரியத்தன்னிக்குத் தெருமுனையில ஒருத்தர் உள்ள வராமயே நின்னு அழுதுகினு இருந்தாரே, அவரு எங்கண்ணன், எலியேசர்."

ஹேமாவதிக்குச் சிரிப்புத்தான் வந்தது முதலில். அந்தப் பிளந்த நகத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"அப்போ தையல்நாயகி யாரு?"

"உங்கப்பா மொதல்ல கட்டிகினவங்க. நாவலூர் நெலம் அவங்களோடது. விக்கமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. கொழந்த இல்ல. கொழந்த இல்லாம செத்தா நெலம் அவங்கப்பாவோட பங்காளிங்களுக்குப் போயிடும். அதனால அவங்க செத்ததே யாருக்கும் தெரியக்கூடாது. அதுக்குத்தான் நானு. அவங்கள முன்ன பாத்திருந்த யாரையும் உங்கப்பா இந்த வூட்டு வாசப்படி மிதிக்க வுட்டதில்ல."

"எப்படிச் செத்தாங்க?"

அம்மா சுவரைப் பார்த்தாள். குரல் கீழே இறங்கியது.

"குவாரிப் பக்கம் கூட்டிகினு போனாரு. தனியா வந்தாரு. கையில தாலி மட்டும் இருந்துச்சு. கயிறு ஈரமா. அதையே என் கழுத்துல கட்டுனாரு. நான் இன்னா ஏதுன்னு கேக்கல ஹேமா. கேட்டா திரும்பக் கல்லு உடைக்கப் போவணும். வயித்துல நீ வேற." மூக்கை உறிஞ்சினாள். "இருபத்தெட்டு வருஷம். எத்தினி கயிறு மாத்துனேன் தெரியுமா? ஒண்ணும் காயல. எவனாவது நெலத்துக்கு வெல பேச வந்தா சொட்டும். அதான் உங்கப்பா விக்கவே இல்ல. இந்த வூட்ட வாங்குனதே காவலுக்கு. அவ எழுந்து வந்தா மொதல்ல எனக்குத் தெரியணும்னாரு."

மழை. சுவருக்கு அப்பால் தளக், தளக்.

"தாலி இருந்தவரைக்கும் நான்தான் அவங்கன்னு சும்மா இருந்தாங்க போல. இப்ப கழட்டியாச்சு. ராவெல்லாம் வந்து உக்காந்துகினு என் விரல எண்ணுறாங்க."

ஹேமாவதி அம்மாவின் தலையைக் கட்டிக்கொண்டாள். பாவம், ஹேமாவதி கெட்டவள் இல்லை. ஆள்மாறாட்டக் கேஸ் என்று செய்தித்தாளில் வரும் பெட்டிச் செய்திகள் அவள் கண்முன் ஓடின. கைவிலங்கோடு அம்மா. டோக்கனை ரத்து செய்தால் பில்டர் கேள்வி கேட்பான், பங்காளிகள் காதுக்குப் போகும். முடித்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை, ஒன்பதாவது மாடிக்குப் போய்விடலாம். பயத்தில் இருக்கிறவர்களுக்கு எப்போதும் ஒரே ஒரு வழிதான் தெரியும்.

"அம்மா, இங்க பாரு. இத்தன வருஷம் அவங்களா இருந்துட்ட. நாளைக்கு ஒரே ஒரு நாள். முழுசா அவங்களாவே இருந்துடும்மா. எனக்காக. அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வர வேணாம்."

சொல்லி முடித்தாள்.

சுவருக்கு அப்பால் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அது மட்டும் நின்றது. அம்மா மெதுவாக அவள் மடியிலிருந்து தலையை எடுத்தாள், எழுந்தாள், அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவளே முதலில் தயாராக இருந்தாள். புடவைக் கொசுவத்தை வேறு விதமாக மடித்துச் செருகியிருந்தாள். தலைமுடி நனைந்து இடுப்புவரை தொங்கியது. ஆட்டோவில் ஏறினார்கள். ஹேமாவதி நைசாகக் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் காய்ந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

பத்திர ஆபீஸில் கூட்டம் நெரிந்தது. ஈரக் குடை, வியர்வை, ஜெராக்ஸ் மிஷின் சூடு. கைரேகைக் கருவி என்றாலே ஹேமாவதிக்குக் கவலை. அம்மாவின் ரேகை ரேஷன் கடையில்கூட ஒரே தடவையில் விழுந்ததில்லை. இன்று அம்மா இடது கட்டைவிரலை வைத்த மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

விரலை எடுத்தாள். ஹேமாவதி அதைப் பார்த்தாள்.

நகம் முழுசாக இருந்தது.

பிளவு இல்லை. வழவழப்பாக, பளபளப்பாக, கல்லையே தொடாத நகம்.

"சாட்சி யாரு?" என்று கேட்டார் மேஜைக்குப் பின்னாலிருந்த கிளார்க். "இவங்க உங்க பொண்ணாம்மா?"

அவள் திரும்பி ஹேமாவதியைப் பார்த்தாள். பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்ப்பதுபோல, மரியாதையாக, ஆர்வமில்லாமல் பார்த்தாள். முகம் அம்மாவின் முகம்தான். அந்த மச்சம். அந்தப் புருவம்.

"இல்லைங்க," என்றாள். "எனக்குப் புள்ளையே கிடையாது."

அனந்தகிருஷ்ணன்தான் சமாளித்தார். புருஷன் போன அதிர்ச்சி சார், இன்னொரு நாள் வர்றோம் சார் என்று கும்பிட்டு இருவரையும் வெளியே கூட்டிவந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். வழி நெடுக ஹேமாவதி ஆட்டோவின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவளின் தோள் தன்மேல் படாமல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் போனதும் கூட வந்தவள் நேராகப் பீரோவைத் திறந்தாள். சாவி எங்கே இருக்கும் என்று கேட்கவில்லை. தாலியை எடுத்துக் கழுத்தில் கட்டி, முடிச்சை இறுக்கினாள். கண்ணாடி முன் நின்று தலை வாரத் தொடங்கினாள். சீப்பிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது. பாசி நாற்றம்.

"எங்கம்மா எங்க?" ஹேமாவதியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சீப்பு நின்றது. மெதுவாக உயர்ந்தது. மேற்குச் சுவரைக் காட்டியது.

"இத்தன வருஷம் இங்க அவ நானா இருந்தா," என்றாள் அவள், நிதானமாக. "இனிமே அங்கயும் அவளே நானா இருக்கட்டும். நீதானே கேட்ட?"

ஹேமாவதி ஓடினாள். பக்கத்துச் சந்து. இடிந்த காம்பவுண்டுச் சுவர். முள் கிழித்தது. செருப்பு போயிற்று. மழை விட்டிருந்தது, நாலு மணி வெயில் மஞ்சளாக விழுந்தது. குவாரித் தண்ணீர் அசையவில்லை. ஒரு சுழிப்பு இல்லை. ஒரு தவளை இல்லை.

பாறை விளிம்பில் மண்டியிட்டாள். குனிந்தாள்.

தண்ணீரில் ஒரு முகம்.

அவளுடையது இல்லை.

ஒரு சாண் ஆழத்தில் அம்மா. கண் திறந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் மேலே தூக்கி, ஜன்னல் கண்ணாடியை உள்ளேயிருந்து தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. இடது கட்டைவிரலில் பிளந்த நகம். வாய் திறந்து மூடியது. ஹேமா. திறந்து மூடியது. ஹேமா. ஒரு குமிழி வரவில்லை.

"அம்மா!"

இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்தாள். கை உள்ளே போகவில்லை. பாறையில் அடித்ததுபோல் வலித்தது. ஈரம் மட்டும் ஒட்டியது. மறுபடி அறைந்தாள். மறுபடி. கீழே அம்மாவின் கை அதே இடத்தில், அவள் கைக்கு நேர் கீழே வந்து பதிந்தது. விரலுக்கு விரல்.

ஹேமாவதியின் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கத் தொடங்கியிருந்தன.

பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. கொலுசு இல்லாத காலடி. அருகில். இன்னும் அருகில்.

அவள் தோளில் ஒரு கை விழுந்து அழுத்தியது. நன்றாக உலர்ந்த விரல்கள்.