எதிர்வலிக் காப்பு

சுடலைமுத்து அரிவாளை ஓங்கித் தன் தங்கை வடிவின் தோளில் இறக்கினான். ரத்தம் பீறிட்டது அவளுக்கு. அலறியது அவன். தன் தோளே பிளந்துவிட்டது என்று தடவிப் பார்த்தான். அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

எல்லாம் வடிவின் கையில் கிடந்த எதிர்வலிக் காப்பு செய்த வேலை. பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் மணக்கலாம் என்று மாநிலச் சட்டசபை சட்டம் போட்டதுமே ஊருக்கு ஊர் வெட்டு விழுந்தது. பெற்றவர்களே வெட்டினார்கள், பாவிகள். அதற்குப் பிறகுதான் பதிவு அலுவலகத்திலேயே அப்படி மணப்பவர்களுக்கு இதைப் பூட்டி அனுப்பினார்கள். அடிபட்டவரின் வலியை உறிஞ்சி, அடித்தவரின் நரம்பில் அப்படியே இறக்கிவிடும்.

அது தெரிந்தேதான் சுடலைமுத்து வந்திருந்தான். என்ன திமிர் பாருங்கள். அரிவாள் நழுவியதும் கல்லைத் தூக்கி அவள் முதுகில் போட்டான். தன் முதுகு நொறுங்கியதாகத் துடித்தான். எழுந்து அவள் வயிற்றில் மிதித்தான். மிதித்தவனே வாந்தியெடுத்துச் சுருண்டான். வடிவின் மனைவி ரோஸ்லின் ஓடிவந்து அவள் தோளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"போதும்ணே, செத்துருவ" என்றாள் வடிவு.

புருஷனைத் தடுக்க ஓடிவந்த சுடலைமுத்துவின் மனைவி பொன்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின நாள் அவன் உடைத்த பல்லின் குழியில் இன்னும் ரத்தம் கசிந்தது. அதை மறந்து அந்தக் காப்பையே பார்த்தாள்.

வீட்டுக்குப் போனதும் அவமானம் தாங்காமல் அவளைப் போட்டு மிதித்தான். விலா எலும்பு முறிந்தது. அவனுக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

எழுந்து நடக்க முடிந்த அன்றே அவள் பதிவு அலுவலகம் போனாள். "எனக்கும் ஒரு காப்பு பூட்டிவிடுங்க சார். அடுத்த தடவ நான் பொழைக்க மாட்டேன்."

"ஆம்பளை பொம்பளை கல்யாணத்துக்குக் கிடையாதும்மா. அதுல ஆபத்து இல்லைன்னு சட்டத்துலயே இருக்கு" என்ற அதிகாரி, அவள் வாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு பொம்பளைன்னா?"

"இந்தக் கல்யாணத்த முறிச்சுட்டு வாங்க. அன்னைக்கே பூட்டிடலாம்."

முறித்தாள். மில்லில் கூட வேலை பார்த்த காந்திமதியும் தன் புருஷனோடு முறித்துக்கொண்டு வந்தாள். அவள் முதுகெல்லாம் அவன் இழுத்த சூடு. அவர்கள் இருவரின் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்த வடிவு அழுதேவிட்டாள்.

"நாங்க ஆசைப்பட்டு, கட்டிக்கிடத்தான் சண்டை போட்டோம் மதினி. நீங்க உசுரோட இருக்கவே கட்டிக்கிட வேண்டியிருக்கே."

ஆடி மாதம் முடிவதற்குள் அந்த அலுவலக வாசலில் பெண்கள் ஜோடி ஜோடியாக நின்றார்கள். பொன்செல்வியை முடியைப் பிடித்து இழுத்துவரப் போன சுடலைமுத்து, தன் உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு கதறியபடி திரும்பினான்.

முன்பு அந்தக் கல்யாணச் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போன அதே ஆட்களைத் திரட்டிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் முன்னால் போய் உட்கார்ந்தான். "எங்க கல்யாணத்துக்கும் காப்பு வேணும். அது இருந்தாத்தான் எவளும் எங்ககூட வாழ வருவா."

கலெக்டரம்மா வெளியே வந்தார். "அதுக்கு எதுக்குக் காப்பு? நீங்க அடிக்காம இருந்தாப் போதுமே."

சுடலைமுத்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அது எப்படிம்மா முடியும்?" என்று கேட்டான், நிஜமாகவே புரியாமல்.