பன்னிரண்டு இடது கால்கள்

பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக. கனடாவில், ஸ்காபரோவில் உள்ள அந்தத் தமிழ்க் கோயிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு கால், அதுவும் வலது கால்தான். ஊத்தைக் காலை ஃபாதரிடம் நீட்டலாமா? அதனால் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே வலது காலை உரஞ்சி உரஞ்சிக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள்!

இந்த முறை பத்து வயது ஸ்டெபனியும் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி. அவளுடைய கால் நகங்களில் ஊதா நிறப் பூச்சு இருந்தது. அம்மா வலது காலில் மட்டும் அதை அழித்துவிட்டார்.

"இடதை ஆர் பாக்கப்போகினம்? சப்பாத்துக்குள்ளதானே கிடக்கும்" என்றார்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். கடைசிக் கதிரைக்கு உரியவர் வரவில்லை. பூசை தொடங்கும் நேரத்தில் யாரோ கிளிபோட் அங்கிளை இழுத்துவந்து அதில் இருத்திவிட்டார்கள். கிளிபோட் அங்கிள் எப்போதும் பின்வரிசைக்காரர். பூசை முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவிட்டு, கார் இல்லாதவர்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் போவார். மறுத்துப் பேசத் தெரியாத மனிதர், பாவம்.

பிரசங்கம் தொடங்கியது. "ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் கடைசிவரை நிலைத்து நிற்பது எது?" என்று ஃபாதர் கேட்டார்.

அதற்கு அவர் சொன்ன மறுமொழி ஸ்டெபனியின் காதில் விழவில்லை. பக்கத்தில் கிளிபோட் அங்கிள் கதிரையில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

"என்ன அங்கிள், சுகமில்லையோ?"

"பிள்ளை, ஃபாதர் வலது காலே கழுவுறவர்?"

"ஓம் அங்கிள். எப்பவும் வலதுதான்."

அவர் முகம் வாடிப்போனது. "என்ர வலது காலில விரல் ஒண்டும் இல்லை பிள்ளை. ஊரில சண்டை நேரம் செல் குண்டு விழேக்க போனது. இவ்வளவு சனத்துக்கு முன்னால எப்பிடிக் காட்டுறது? நான் எழும்பிப் போறன்."

ஐயோ! இப்போது எழுந்து போனால் கோயிலே அவரைத்தான் பார்க்கும். நாளைக்கு ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

"கொஞ்சம் இருங்கோ அங்கிள், ப்ளீஸ்."

அவர் மட்டும் இடது காலை நீட்டினால்? பதினொரு வலது கால்களோடு ஒரே ஒரு இடது கால் என்றால் அதுவும் கண்ணில் குத்துமே. சரி, பன்னிரண்டும் இடதாகவே இருந்தால்?

ஸ்டெபனி மறுபக்கம் இருந்த கிளடிஸ் அன்ரியின் காதில் குசுகுசுத்தாள். "அன்ரி, இடது சப்பாத்தைக் கழட்டுங்கோ. அங்கால எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ."

"விசரே உனக்கு? நான் வலதைத்தான் கழுவிக்கொண்டு வந்தனான்!"

"நானும் அப்பிடித்தான் அன்ரி. ஆனா கிளிபோட் அங்கிளுக்கு வலது ஏலாது."

கிளடிஸ் அன்ரி எட்டிப் பார்த்தார். அங்கிள் தலையைக் குனிந்து, தன் வலது சப்பாத்தின் நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்ரி தன் இடது சப்பாத்தைக் கழற்றினார். அடுத்த கதிரைப் பக்கம் சாய்ந்தார். செய்தி கதிரை கதிரையாகப் போனது. போன இடமெல்லாம் ஒரு முகம் கோணியது.

பிரசங்கம் முடிந்து கால் கழுவும் நேரம் வந்தது. முதல் கதிரையில் பிரதாபன் அண்ணை. பெயின்ட் அடிக்கிற வேலை முடிந்து, வலது காலை மட்டும் கழுவிவிட்டு ஓடிவந்தவர். வலது காலைப் பிடிக்கக் குனிந்த ஃபாதர் அப்படியே நின்றார். வரிசையைப் பார்த்தார். எல்லாம் இடது கால்கள்! இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து முழந்தாளிட்டார்.

பிரதாபன் அண்ணையின் காலில் பெயின்ட். கிளடிஸ் அன்ரியின் குதிக்கால் வெடிப்பில் மண். ஸ்டெபனியின் ஊதா நகங்களில் கறுப்புக் காலுறையின் நூல். முன்வரிசையில் அம்மா கண்ணை உருட்டினார். பாத்திரத்துத் தண்ணீர் கறுத்துப்போய், வேறு தண்ணீர் எடுக்க ஆள் ஓட வேண்டியதாயிற்று.

கடைசியாக, கிளிபோட் அங்கிளின் இடது காலை ஃபாதர் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். அங்கிளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்டெபனியைப் பார்த்துச் சிரித்தார்.

பூசை முடிந்ததும் ஸ்டெபனி பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினாள். ஃபாதர் அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஃபாதர். நான்தான் எல்லாரையும் இடதுக்கு மாத்தினனான். ஆரும் இடதைக் கழுவிக்கொண்டு வரேல்லை."

"எத்தினை வருசமாக் கால் கழுவுறன் பிள்ளை" என்றார் ஃபாதர். "இண்டைக்குத்தான் ஊத்தை போச்சுது!"