வெற்றுச் சுற்று

"இன்னைக்கு யாரு, அக்கா?"

காலை ஏழு மணிக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் வழுதி கேட்கிற முதல் கேள்வி அதுதான். டிபன் என்னவென்று கேட்கிற மாதிரி கேட்பான். நான் பலகையைப் பார்த்துச் சொல்வேன். திங்கட்கிழமை என்றால் வளையத்துக்கு ஒரு நெப்ராஸ்காக்காரர். செவ்வாய் என்றால் பாமல் ஹார்ஸ் கருவிக்கு ஒரு ஓஹையோக்காரர். அவரை ஏற்றிய நாளில் சாயங்காலம் வரைக்கும் என் தம்பி இடது காதைச் சொறிந்துகொண்டே இருப்பான். அந்த மனிதருக்கு 2047இல் அங்கே என்ன அரிப்போ, யாருக்குத் தெரியும்.

அவன் தலையில் ஏற்றுத்தொப்பியை மாட்டி, பின்கழுத்தில் பசையைத் தடவி, பட்டையை இறுக்குவேன். இருபது நிமிடம் ஆகும். அதன் பிறகு எழுந்து போய், தான் ஒருநாளும் கற்றுக்கொள்ளாத வித்தையைச் செய்துவிட்டு வருவான்.

உண்மையில் அவன் ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கமே போனவன் இல்லை. கல்லூரியில் டைவிங் செய்தவன். நல்ல தோள், நல்ல இடுப்பு, எதற்கும் 'சரி' என்று சொல்லிவிடுகிற சுபாவம். அமெரிக்க ஆண்கள் அணிக்கு உடல் தேவை என்று அறிவிப்பு வந்தபோது அவன் பெயரைக் கொடுத்தது நான்தான். அணியின் அசைவேற்றுநர் நான் என்பதால் விண்ணப்பம் விரைவாக நகர்ந்தது. "எங்க அக்கா எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தா" என்று இன்னமும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அசைவுப்பதிவு என்பது ஒரு மனிதர் ஒருநாள் செய்த ஆட்டத்தின் முழு நரம்புக்கணக்கு. எந்தத் தசை எந்த நொடியில் எவ்வளவு இறுகியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை இன்னொருவர் உடம்பில் ஏற்றினால் அந்த உடம்பு ஆடும். உள்ளே இருப்பவருக்கு நினைவு இருக்கும், வலிக்கும், பயமும் வரும். கைகாலைத் தன்னிஷ்டத்துக்கு அசைக்க மட்டும் முடியாது. "பஸ்ல கடைசி சீட்ல உக்காந்திருக்கிற மாதிரிக்கா. டிரைவர் நல்லவனா இருந்தா தூங்கிடலாம்" என்பான் வழுதி.

இதற்குச் சர்வதேச சம்மேளனம் ஒரே ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. மரபு விதி. எந்த நாடும் தன் நாட்டு ஆட்டக்காரர்களின் பதிவுகளை மட்டும்தான் ஏற்றலாம். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கொண்டாட்டம்தான், அவர்களுடைய கிடங்குகளில் அள்ள அள்ளக் குறையாது. எங்கள் அலமாரியைத் திறந்தால் காற்றுதான் அதிகம் வரும். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் அணித் தங்கம். அதுவும் சோவியத் வராத ஆண்டு. 2004இல் ஏதென்ஸில் வெள்ளி, 2008இல் பெய்ஜிங்கில் வெண்கலம். பிறகு பதினாறு ஆண்டு காத்திருந்து பாரிஸில் இன்னொரு வெண்கலம். நியாயமான பெருமைதான், ஆனால் அந்த மனிதர்கள் எல்லாரும் வெறும் வீடியோவில் இருக்கிறார்கள். வீடியோவில் உடம்பு தெரியும், நரம்பு தெரியாது. நரம்பைப் பதிவு செய்யும் கருவி வந்தது 2040களில். அதற்குள் எங்கள் பல்கலைக்கழகங்கள் ஆண்கள் அணிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டிருந்தன. மிஞ்சிய பதிவுகளை ஒரு கைப்பைக்குள் போட்டுவிடலாம்.

கிடைக்கம்பிக்கு எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. கேலப் வாரிக், 2052 உலகப் போட்டி. நான்கு முறை கம்பியை விட்டுப் பறந்து நான்கு முறையும் பிடித்த ஆட்டம். அதில் ஒரே ஒரு குறை. நான்காவது பிடிக்குப் பிறகு, தரைக்குப் பாய்வதற்கு முன், வாரிக் காரணமே இல்லாமல் கம்பியை ஒரு முழுச் சுற்று சுற்றினார். வித்தை எதுவும் இல்லாத வெற்றுச் சுற்று. நடுவர்கள் அதற்கு 0.3 குறைப்பார்கள்.

அதை வெட்டிவிடலாம் என்ற யோசனை என்னுடையது.

பயிற்சியாளர் டாபின்ஸ் தலையைச் சொறிந்தார். "வாரிக் உயிரோடதான் இருக்காரு. டல்சால ஒரு முதியோர் இல்லத்துல. ஒரு போன் போட்டு ஏன் சுத்தினீங்கன்னு கேட்டுடலாமா?"

"அவரோட ஒவ்வொரு தசைநாரும் நம்ம கையில இருக்கு. அவரைப் போய் எதுக்குக் கேக்கணும்?" என்றேன்.

எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. பதிவு கைக்கு வந்துவிட்டால் ஆளை மறந்துவிடுவோம். அவர் கடைசியில் கொஞ்சம் பயந்திருப்பார், அதனால் ஒரு சுற்று தயங்கியிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பதிவிலிருந்து பயத்தைக் களைவது எங்களுக்குச் சாதாரணம், அரிசியில் கல் பொறுக்குவது போல. அரை மணி நேர வேலை. வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டி, 15.9 வரும் என்று கணித்து, கையெழுத்தும் போட்டேன்.

முதல்நாள் பயிற்சி முடிந்ததும் வழுதி ஒன்று சொன்னான். "கடைசியில ஏதோ அவசரப்படுதுக்கா. நான் இன்னும் சரியாப் பிடிக்கவே இல்ல, அதுக்குள்ள தூக்கிப் போட்டுடுது."

"உனக்கு அப்படித் தோணும். பழகிடும்" என்றேன்.

"சரி, நீ பாத்துக்குவ" என்றான். பயிற்சியில் ஐம்பது முறை ஆடியதில் மூன்று முறை தாழ்ந்து இறங்கினான். கீழே பஞ்சு மெத்தை இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவன் கால் நீளம், அதுதான் காரணம் என்று குறிப்பெழுதிவிட்டோம்.

2092 நைரோபி ஒலிம்பிக். அணி இறுதிப் போட்டியில் மூவர் ஆட வேண்டும், மூவரின் புள்ளியும் சேரும். எதையும் தள்ளிவிட முடியாது. கடைசிக் கருவி கிடைக்கம்பி, கடைசி ஆள் என் தம்பி. ஜப்பான் முடித்துவிட்டது. வழுதி 15.5 எடுத்தால் நூற்றெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க ஆண்களுக்கு அணித் தங்கம். பயிற்சி மண்டபத்தில் துடைப்பம் பிடிக்கிறவர்கூட அந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார்.

தொப்பியைக் கழற்றியபோது, "அம்மா பாத்துட்டு இருப்பாங்கல்ல?" என்று கேட்டான்.

"நேத்துலேர்ந்தே டிவி முன்னாடிதான் இருக்காங்க. போடா."

என் இடம் கருவியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு மேசை. மேசையில் ஒரு திரை, ஒரு நிறுத்துவிசை. திரையில் இரண்டு கோடுகள் ஓடும். நீலக் கோடு பதிவு சொல்வது. மஞ்சள் கோடு சுயக்கோடு. உடம்பு அவன் பேச்சைக் கேட்குமானால் அவன் என்ன செய்வான் என்பது. வழக்கமாக மஞ்சள் படுத்தே கிடக்கும். நிறுத்துவிசையைப் பற்றி ஒரே பாடம்: ஆள் கம்பியில் இருக்கும்போது தொடக் கூடாது. பதிவு அறுந்து கைகால் தன்வசத்துக்கு வர அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் உடம்பு துணிமூட்டை. கால் தரையில் பட்ட பிறகு எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தினால் ஆள் சரிவான். விழுந்ததாக ஒரு முழுப் புள்ளி போகும்.

கம்பியின் கீழே டாபின்ஸ் நின்றார். பயிற்சியாளர் நிற்கலாம், கையைத் தூக்கிக்கொள்ளலாம். ஆட்டக்காரரைத் தொட்டால் அதற்கும் ஒரு முழுப் புள்ளி.

முதல் பறத்தல், பிடித்தான். இரண்டாவது, பிடித்தான். அரங்கம் ஒவ்வொரு பிடிக்கும் கத்தியது. மூன்றாவது நூல் பிடித்த மாதிரி. நான்காவதில் பிடித்தான், ஆனால் விரல் நுனியில் பிடித்தான். வாரிக்கின் விரல்கள் நீளமானவை. என் தம்பிக்கு எங்கள் அம்மாவின் கட்டை விரல்கள். உள்ளங்கையில் மாட்டியிருந்த தோல்பட்டை கம்பியை விட்டு நழுவியிருந்தது.

மஞ்சள் கோடு எழுந்து நின்றது. இத்தனை மாதத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அது திரை முழுக்க ஒரு வட்டம் போட்டது. இன்னொரு சுற்று. ஒரே ஒரு சுற்று சுற்றினால் மணிக்கட்டை மேலே ஏற்றிக் கம்பியை மறுபடி உள்ளங்கைக்குக் கொண்டுவந்துவிடலாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாரிக் பயப்படவில்லை. அவருக்கும் பிடி நழுவியிருக்கிறது. ஒரு சுற்று எடுத்துச் சரிசெய்துகொண்டு பாய்ந்திருக்கிறார். ஒரு போன் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

நீலக் கோட்டில் அந்தச் சுற்று இல்லை. நான் எடுத்துவிட்டேன். நீலம் நேராகப் பாய்ந்தது, மஞ்சள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து நின்றேன், "வழுதி" என்று கத்தினேன். பத்தாயிரம் பேர் கத்துகிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாபின்ஸ் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

உயரம் போதவில்லை. இரண்டு முறை சுழன்று, முறுகி, தாழ்ந்து வந்து கால் ஊன்றினான். வலது முழங்கால் போனதைத் திரைதான் எனக்கு முதலில் சொன்னது.

ஆனால் பதிவு முடியவில்லை. வாரிக் அன்று அசையாமல் நின்றவர். நீலக் கோடு நிற்கச் சொன்னது. என் தம்பியின் தொடைத்தசை உடைந்த முழங்காலை இழுத்துப் பிடித்து நிமிர்த்தியது. ஒரு அங்குலம்கூட நகராமல் நின்றான். மஞ்சள் கோடு தரையில் கிடந்தது. விழு, விழு என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நெஞ்சு விரிந்தது. இரண்டு கையும் மேலே போயின. முகம் திரும்பி நடுவர்களைப் பார்த்து, 2052இல் யாரோ ஒருவர் சந்தோஷப்பட்டுச் சிரித்த சிரிப்பைச் சிரித்தது.

கால் தரையில் பட்டுவிட்டது. என் விரல் விசையின் மேல் இருந்தது. அழுத்தினால் விழுவான், வலியோடாவது தன் இஷ்டத்துக்கு விழுவான். ஒரு புள்ளி போகும். 15.9இல் ஒன்று போனால் 14.9.

நான்கு நொடி. நான் அழுத்தவில்லை. ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கையில் யாரையும் ஏற்றியிருக்கவில்லை. அது என் கைதான்.

ஆட்டம் முடிந்ததென்று நடுவர் விளக்கு பச்சையானது. நீலக் கோடு முடிந்தது. அப்போதுதான் அவன் தொண்டை அவனுக்குக் கிடைத்தது. கைதட்டலில் அந்த அலறல் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

ஓடினேன். மருத்துவர்கள் காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாபின்ஸ் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழுதியின் முகம் வெளிறியிருந்தது.

"எவ்வளவுக்கா?"

"பதினஞ்சு புள்ளி ஒன்பது."

"ஜெயிச்சுட்டமா?"

"ம்."

கண்ணை மூடித் திறந்தான். "அங்க ஒரு சுத்து இருந்திருக்கணும்ல?"

"இருந்துச்சு. நான்தான் வெட்டினேன்."

"வெட்டலைன்னா எவ்வளவு வந்திருக்கும்?"

"பதினஞ்சு புள்ளி ஆறு."

"அப்பவும் ஜெயிச்சிருப்போம்" என்றான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "கால் ஊனினப்புறம் விழவாவது விட்டிருக்கலாமேக்கா" என்றான். "நிக்க முடியலக்கா. நிக்கவே முடியல."

மேலே பெரிய திரையில் எங்கள் கொடி விரிந்துகொண்டிருந்தது. அணிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அழுத்தினேன்டா" என்றேன். "சுவிட்ச் வேலை செய்யல."

அவன் உடனே நம்பிவிட்டான். கையைத் தூக்கி என் கன்னத்தைத் துடைத்தான்.

"அழாதக்கா. நீ பாவம், என்ன பண்ணுவ" என்றான்.